வராதவன் பேசினான்

செபஸ்தியம்மாள் டீச்சரின் தொண்டை ஒரே நாளில் போய்விடவில்லை. முப்பது வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆடிக் காற்றில் மிச்சமும் போனது. அது பெரிய விஷயமில்லை என்பேன். வாத்தியார் வேலைக்கு வந்தவர்களில் தொண்டையோ, முட்டியோ, இடுப்போ, எதையாவது ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்காமல் ஓய்வு பெற்றவர் யார்? ஆனால் டீச்சருக்குத் தொண்டையோடு ஒரு பையனும் போனான். போனவனைத் திரும்பக் கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைக்க அவர் பட்ட பாட்டை, தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டாம் என்றாலும் கேட்கும். அப்படிப்பட்ட தடுப்பு அது.

எங்கள் நடுநிலைப் பள்ளி திண்டுக்கல்லிலிருந்து ஆத்தூர் போகிற வழியில் இருக்கிறது. பழைய கட்டடம் ஆபத்து என்று இடித்தார்கள். புதுக் கட்டடம் அஸ்திவாரத்தோடு நிற்கிறது. அதில் இப்போது ஆடுகள் படுத்திருக்கின்றன. அதனால் ஒரே கூடத்தைப் பிளைவுட் பலகையால் இரண்டாக்கி, இந்தப் பக்கம் ஆறாம் வகுப்பு, அந்தப் பக்கம் ஏழாம் வகுப்பு. ஆறு என்னுடையது. என் பெயர் நர்கீஸ்; பேகம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து கணக்கு நடத்திவிட்டுப் போகிறவள். ஏழு செபஸ்தி டீச்சருடையது, சமூக அறிவியல். பின்னத்தில் மேலே இருப்பதற்கு என்ன பெயர் என்று நான் கேட்டால், அந்தப் பக்கத்துப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த என் பிள்ளை ஒருவன் "இமயமலை" என்பான். இப்படித்தான் எங்கள் பிழைப்பு.

அவர் குரல் பஸ் நிறுத்தம் வரை போகும். வகுப்பில் "ஏலே" என்று ஒரு அதட்டல் போட்டால், ரோட்டில் போகிற சைக்கிள்காரனும் காலை ஊன்றிவிடுவான். வீட்டிலாவது தொண்டைக்கு ஓய்வு உண்டா என்றால் அதுவும் இல்லை. அவர் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ் நூல் மில்லில் வேலை பார்த்தவர். மெஷின் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. உப்பு போதுமா என்று கேட்பதற்கும் டீச்சர் கத்தித்தான் ஆக வேண்டும். மில் ஒருவர் காதை எடுத்துக்கொண்டது, பள்ளிக்கூடம் ஒருவர் தொண்டையை எடுத்துக்கொண்டது, பொருத்தமான ஜோடி என்று டீச்சரே சொல்லிச் சிரிப்பார்.

டவுனில் தொண்டை டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, வேலை செய்கிற கையில் காய்ப்புக் காய்க்கிற மாதிரி தொண்டைக்குள் காய்த்திருக்கிறது என்றார்.

"இனிமே கத்தினீங்கன்னா ஆபரேஷன்தாம்மா. அதுக்கப்புறமும் பழைய குரல் வரும்னு நான் சொல்ல மாட்டேன். லீவு போட்டுட்டு வீட்ல இருங்க."

மறுநாள் தலைமையாசிரியர் மணிமாறனிடம் போய் நின்றோம். அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். மேசையில் இரண்டு போன், இரண்டிலும் ஏதோ ஒரு விவரத்தை உடனே ஏற்றச் சொல்லி ஆள் மாற்றி ஆள் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"லீவு உங்க உரிமைதான் டீச்சர். ஆனா பதிலுக்கு ஆள் தர மாட்டாங்களே. ரெண்டு கிளாஸையும் நர்கீஸ் டீச்சர்தான் மேய்க்கணும். கொஞ்சம் சமாளிங்களேன்."

இந்தச் 'சமாளிங்க' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கட்டடம் இல்லையா, சமாளிங்க. குழாயில் தண்ணீர் வரவில்லையா, சமாளிங்க. தொண்டை இல்லையா, சமாளிங்க. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு வகுப்பும் என் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரியும். லீவு விண்ணப்பத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மடிக்க வேண்டாம், லீவு போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. என் முட்டியும் அப்போது நல்ல நிலையில் இல்லை.

குரல் இல்லாமல் ஏழாம் வகுப்பை எப்படி அடக்குவது? அதற்குத்தான் முகேஷ்குமார் இருந்தான். வகுப்பு லீடர். தலையில் எண்ணெய் வழிய வகிடெடுத்து, முதல் பெஞ்சில் முதல் ஆளாக உட்காருகிறவன். ஆசிரியர் இல்லாத நேரத்தில் லீடர் எழுந்து கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவது நம் பள்ளிக்கூடங்களில் காலங்காலமாக நடக்கிற வழக்கம். நாமெல்லாரும் ஒன்று எழுதியிருப்போம், இல்லாவிட்டால் மாட்டியிருப்போம். மறுபடி பேசினால் பெயருக்கு நேராக ஒரு இன்ட்டு. அதற்கு மேலும் பேசினால் இன்னொரு இன்ட்டு. முன்பெல்லாம் ஒரு இன்ட்டுக்கு ஒரு அடி. இப்போது அடிக்கக் கூடாது. அதனால் பெயர் இருந்தால் வராந்தாவில் நிற்க வேண்டும்.

டீச்சர் தான் வகுப்பில் இருக்கும்போதே முகேஷ்குமாரைச் சாக்பீசோடு பலகை அருகில் நிறுத்தினார். அவர் சைகை காட்ட வேண்டியதுகூட இல்லை. சாக்பீஸ் பலகையில் படும் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கியது. மணிமாறன் சார் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, "இப்பத்தான் டீச்சர் கிளாஸ், கிளாஸ் மாதிரி இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனார். எனக்கும் நிம்மதி. பின்னத்துக்கு மேலே இமயமலை வருவது நின்றது.

பலகையில் தினமும் இருந்த பெயர் அஜித்.

அவன் பேசுவான்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. கிணற்றில் பாம்பு விழுந்தது, பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டுக்குச் சண்டை போட்டது, எல்லாம் அவனுக்குச் செய்தி. கையில் எதைக் கொடுத்தாலும் செய்வான், வாயை மட்டும் மூட மாட்டான். அப்பா இல்லை. அம்மா கருப்பம்மாள் பூ எடுக்கவும் வெங்காயம் அறுக்கவும் கூலிக்குப் போகிறவள். வராந்தாவில் நிற்கவிட்டாலும் அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆடுகளோடு பேசினான். சத்துணவு ஆயாவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டே பேசினான். கொஞ்ச நாளில் முகேஷ்குமார் எழுதுவதற்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே வெளியே வந்துவிட்டான். ஏன்டா என்று கேட்டேன்.

"எப்புடியும் எழுதத்தான டீச்சர் போறான்," என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டு என் வகுப்புக்குள் போனேன்.

அந்த நேரத்தில்தான் எங்களுக்குத் திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி வந்தது. 'ஆதரவான வகுப்பறை மேலாண்மை' என்று பெயர். சிவபிரகாஷ் என்று ஒரு இளைஞர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, திரையில் வண்ண வண்ணமாகப் படம் காட்டினார். பிள்ளை ஏன் பேசுகிறான் என்று யோசியுங்கள் என்றார். வாய் இருக்கிறது, பேசுகிறான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் பக்கத்தில் முணுமுணுத்தேன். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் பசி. ஆறிப்போன சமோசா வந்தது. அவர் சொன்னவற்றில் ஒன்று, காலையில் ஆசிரியர் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் முகம் பார்த்து உள்ளே விட வேண்டும் என்பது. செபஸ்தி டீச்சர் என் முழங்கையை இடித்தார்.

"இதுக்குத் தொண்டை வேணாம்ல, நர்கீஸ்?"

அந்தத் திங்கட்கிழமையே வாசலில் நிற்க ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரே கூச்சம். என்ன செக்கிங் என்று சிலர் பையைத் திறந்து காட்டினார்கள். டீச்சர் ஒருத்தியின் அவிழ்ந்த ரிப்பனைக் காட்டுவார், ஒருவனின் பொத்தானைச் சரி செய்வார், மற்றவர்களை வெறுமனே பார்த்துத் தலையசைப்பார். பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. நிற்பதால் அவருக்குக் காலும் வீங்கியதுதான் மிச்சம். ஆனால் ஒன்று நடந்தது. அன்றைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது பதிவேட்டைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம். மணிமாறன் சார் ஏதோ விவரம் கேட்டுக் கூப்பிட்டு அனுப்பியதால் டீச்சர் அலுவலக அறைக்குப் போயிருந்தார். ஏழாம் வகுப்பில் இரைச்சல். நான் ஸ்கேலால் தடுப்பை இரண்டு தட்டுத் தட்டினேன். சாக்பீஸ் சத்தம் கேட்டது, இரைச்சல் குறைந்தது. டீச்சர் திரும்பி வந்த செருப்புச் சத்தமும் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதி இருக்கக் கூடாது. தடுப்பின் ஓரத்துச் சந்து வழியாகப் பார்த்தேன்.

பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு. கீழே ஒரே ஒரு பெயர். அஜித். நேராக நான்கு இன்ட்டு.

டீச்சர் பலகையைப் பார்த்தார். அஜித் உட்காரும் இடத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அவன் நான்கு நாளாக வாசலைத் தாண்டவில்லை என்பது வாசலில் நின்றவருக்குத் தெரியாதா?

"அஜித் எங்க?" என்றார். கரகரவென்று காற்றாக வந்தது.

"வரலை டீச்சர்," என்றான் முகேஷ்குமார்.

"அப்ப யாரு பேசுனது?"

முகேஷ்குமார் திரும்பிப் பலகையைப் பார்த்தான். தான் எழுதியதை அப்போதுதான் அவனும் படித்தான் போல. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவன் அழுதுவிட்டான்.

"பழக்கத்துல எழுதிட்டேன் டீச்சர். யாரு பேரும் எழுதலேன்னா நான் ஒழுங்காப் பாக்கலேன்னு நெனப்பீங்க. கௌசல்யா பேர எழுதுனா அவங்கம்மா எங்க வீட்டுக்குச் சண்டைக்கு வரும். பின்னாடி பெஞ்சு அண்ணனுங்க ரோட்ல வச்சு அடிப்பாங்க. அஜித்துன்னா ஒண்ணும் சொல்ல மாட்டான் டீச்சர்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் வகுப்பு அமைதியாக இருந்ததன் ரகசியம் இதுதான். எல்லார் பேச்சுக்கும் ஒருவன் வெளியே நின்றிருக்கிறான். நின்று நின்று, கடைசியில் போயே போய்விட்டான். போன பிறகும் அவன்தான் பேசியிருக்கிறான்.

அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போனோம். எனக்குப் போக மனமில்லை; வீட்டில் மாவு புளித்துக்கொண்டிருந்தது. கருப்பம்மாள் தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இரைச்சலில் டீச்சர் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. குழாயை மூடிவிட்டு அருகில் வந்தாள்.

"அஜித்து எங்கண்ணன் சோலைமுத்துகூட ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இருக்கான் டீச்சர். அது லாரிக்கு லோடு ஏத்துது. இவன் தக்காளி பெறக்கிப் போடுறான். நல்லது தனி, அழுகல் தனி."

"சின்னப் பையன வேலைக்கு அனுப்புறது தப்புன்னு தெரியாதா உனக்கு?" என்று நான் எகிறினேன்.

"தெரியும் டீச்சர்," என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஆனா இங்கயும் வெளியிலதான நிக்கிறான். தெனம் போர்டுல அவன் பேருதானாம். நிக்கிறதுதான் நிக்கிறான், அங்க போயி நின்னா கூலியாச்சும் குடுப்பாகன்னு அவனேதான் சொல்லிட்டுப் போனான். நான் போகச் சொல்லல."

செபஸ்தி டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நாந்தான் நிப்பாட்டுனேன் கருப்பம்மா. இனி நிப்பாட்ட மாட்டேன். வரச் சொல்லு."

"போன்ல சொல்றேன். வாரேன்னா வரட்டும்." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். "அங்க ஒங்ககிட்ட எல்லாம் சிரிச்சிருப்பான் டீச்சர். வீட்டுக்கு வந்தா வாயத் தொறக்கிறதில்ல. அம்புட்டுப் பேசுற புள்ள. சோத்தப் போட்டா தின்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவான். மேலுக்கு முடியலையோன்னு திருநீறுகூடப் போட்டு விட்டேன்."

பஸ்ஸில் டீச்சர் அழுதார். சத்தம் வராத அழுகை. அதற்கும் தொண்டை வேண்டுமே. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பூண்டு உரித்துக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்து எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் டீச்சர் பலகையை ஈரத்துணியால் துடைத்தார். இனி பேசியவர்கள் பெயர் கிடையாது என்றார். முகேஷ்குமார் முகம் செத்துப்போனது. "அப்ப நான் லீடர் இல்லையா டீச்சர்?" என்று கேட்டான். பாவம், அவனுக்கும் வேறு என்ன தெரியும்? டீச்சர் சாக்பீசைத் திரும்ப அவன் கையிலேயே கொடுத்து, வேறு தலைப்பு எழுதச் சொன்னார். 'இன்று வராதவர்கள்.' அதன் கீழ் வராத பிள்ளையின் பெயர். பெயருக்கு நேராக, முன்பு இன்ட்டு இருந்த இடத்தில், அதே தெருவிலிருந்து வருகிற பிள்ளையின் பெயர். அந்தப் பிள்ளை சாயங்காலம் போய், டீச்சர் தேடினார்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். அஜித் பெயர் முதலில் ஏறியது. நேராகக் கௌசல்யா. அடுத்த வீடு.

இதோடு ஏழாம் வகுப்பு திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. சந்தைக்கடை ஆனது. டீச்சர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி வாயை மூட வேண்டும் என்பது ஏற்பாடு. முன்வரிசை தூக்கும், பின்வரிசை தூக்குவதற்குள் முன்வரிசை இறக்கிப் பேச ஆரம்பித்துவிடும். சர்ச்சில் பூசை வைக்கும் சாமியார் மாதிரி இவர் மட்டும் கையைத் தூக்கியபடி நிற்பார். சத்தம் வருகிற பெஞ்சுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அங்கே அடங்கும், வேறு பெஞ்சில் கிளம்பும். எழுந்து அங்கே போவார். நாள் முழுக்க இப்படி. வீங்கிய காலோடு. நான் தடுப்பைத் தட்டித் தட்டி ஸ்கேல் ஒன்று உடைந்தது.

"ஒங்க ஆதரவான வகுப்பறைக்குப் பக்கத்துல என் கிளாஸ் நாசமாப் போகுது டீச்சர்," என்று ஒருநாள் பஸ்ஸில் வைத்துச் சண்டையே போட்டேன். "பேர எழுதட்டுமே, வெளியில நிக்க வைக்காம இருங்க. அமைதியாவது மிஞ்சும்."

"அந்த அமைதி எப்படி வந்துச்சுன்னு பாத்தேல்ல," என்றார். "கொஞ்ச நாள் பொறுத்துக்க, நர்கீஸ்."

பொறுத்துக்கொள்ளாமல் என்ன செய்வது? மணிமாறன் சார்தான் பொறுக்கவில்லை. மேலிடத்திலிருந்து பார்வையிட வரப்போகிறார்கள், தீபாவளிக்குள் வகுப்பு அடங்கவில்லையென்றால் ஏழாம் வகுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன், டீச்சர் ஒன்றாம் வகுப்புக்குப் போகலாம் என்றார். உடம்புக்கும் அதுதான் நல்லது என்று சேர்த்துக்கொண்டார்.

"போறேன் சார். அஜித் வந்து உக்காந்தப்புறம் எங்க வேணாலும் போறேன்."

அஜித் வரவில்லை. ஆவணி போய்ப் புரட்டாசியும் போனது. தினமும் காலையில் டீச்சர் வாசலில் நின்றார். கடைசிப் பிள்ளை உள்ளே போன பிறகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு உள்ளே போவார். முகேஷ்குமார் பலகையில் அஜித் என்று எழுதுவான். கௌசல்யா சாயங்காலம் வேலிக்கு வெளியே நின்று கத்திவிட்டுப் போவாள். நடுவில் சின்னச் சின்ன மாற்றம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். டீச்சர் கையைத் தூக்கினால் முன்பைவிடச் சீக்கிரம் அடங்கியது. மஞ்சள்காமாலை வந்து படிப்பே வேண்டாம் என்றிருந்த பெண் ஒருத்தி திரும்ப வந்தாள். ஆனால் டீச்சர் அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கண்ணுக்கு அந்தக் காலி இடம் மட்டும்தான் தெரிந்தது. நீண்ட நாள் வராதவன் என்று பதிந்துவிட்டுப் பெயரை எடுத்துவிடலாமே என்று மணிமாறன் சார் கேட்டதற்கு, "பலகையில இருக்கட்டும் சார்," என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை. பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போயாகிவிட்டது. டீச்சர் வழக்கம்போல ரோட்டைப் பார்த்து நின்றார். நான் பதிவேட்டோடு தாண்டிப் போனேன். அப்போது வெளிவாசலில் இருந்து ஒருவன் விறுவிறுவென்று வந்தான். கறை படிந்த டவுசர், தலைமயிரில் வெங்காயச் சருகு, கையில் புத்தகப்பை இல்லை. டீச்சரைக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்று உள்ளே பலகையை எட்டிப் பார்த்தான். பார்த்ததும் வெடித்தான்.

"நான் வரவே இல்ல டீச்சர்! தீபாவளிக்குத் துணி எடுத்துக் குடுன்னு கேக்க அம்மாவுக்குப் போன் போட்டா, உம் பேரத் தெனம் போர்டுல எழுதுறாகளாம்னு சொல்லுது! நான் மார்க்கெட்டுல நின்னேன், எங்க மாமாவ வேணா கேளுங்க. வராதவன் எப்புடி டீச்சர் பேசுவான்? இல்லாதப்பவும் எதுக்கு எம் பேர எழுதுறான் இவன்?"

இதைக் கேட்பதற்காகவே காய்கறி வண்டியில் ஏறி, செம்பட்டியில் இறங்கி, பஸ் மாறி வந்திருக்கிறான். முகேஷ்குமார் சாக்பீசோடு பலகையில் ஒட்டிக்கொண்டான். நான் தடுப்பைச் சுற்றி உள்ளே வந்துவிட்டேன். என் வகுப்பும் பின்னால் வந்துவிட்டது.

டீச்சர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, பலகையின் தலைப்பைக் கை நீட்டிக் காட்டினார். அவன் படித்தான். உதடு அசைய இரண்டாவது முறையும் படித்தான்.

"எம் பேருக்கு நேரா எதுக்குக் கௌசல்யா பேரு?"

"நாந்தான் தெனம் ஒங்க வீட்டுக்குப் போயி கேக்குறேன்," என்றாள் கௌசல்யா. "ஒங்க நாயி என்னக் கடிக்க வருது, தெரியும்ல?"

"என்னான்னு கேக்குற?"

"நீ எப்ப வருவேன்னு. டீச்சர் தேடுறாங்கன்னு."

அவனுக்கு அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. டீச்சரைப் பார்த்தான்.

"வரலேன்னாக்கூட எழுதுவீங்களா டீச்சர்?"

டீச்சர் தலையை ஆட்டினார். பலகை துடைக்கும் டஸ்டரை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் மெதுவாகப் போய்த் தன் பெயரைத் துடைத்தான். துடைத்துவிட்டுத் திரும்பியவன், பழக்கத்தில் வாசலுக்கு வந்து வராந்தாவைப் பார்த்தான்.

"எங்க டீச்சர் நிக்கணும்?"

டீச்சர் அவன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் அவன் பெஞ்சில் உட்காரவைத்தார். பக்கத்தில் அவரும் உட்கார்ந்துவிட்டார். கால் நிற்கவில்லை போலிருக்கிறது.

அன்று காலை முழுக்க அஜித் பேசவில்லை. ஒரு வார்த்தை இல்லை. இடைவேளையில் டீச்சர் என்னிடம் வந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"பேசவே மாட்டேங்கிறான் நர்கீஸ். கருப்பம்மா சொன்ன மாதிரியே இருக்கான். சாயங்காலம் துணிய வாங்கிக்கிட்டுத் திரும்பப் போயிருவானோ?"

எனக்கு என்ன தெரியும்? வந்ததே பெரிது, டீ ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

மத்தியானம் கடைசிப் பாடவேளை. வெளியே மழை வலுத்திருந்தது. நான் பின்னத்தைப் பின்னத்தால் வகுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மெல்ல ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. கேரளா லாரி டிரைவர் ஒருவர், அவர் வளர்க்கிற ஒரு கிளி, அது மலையாளத்தில் திட்டுகிற ஒரு வசவு. முணுமுணுப்புக் குரலானது. குரல் ஏறியது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். என் பிள்ளைகள் வகுப்பதை விட்டுவிட்டுக் கிளிக்குக் காது கொடுத்தார்கள். நான் புது ஸ்கேலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அதற்குள் முகேஷ்குமாரின் குரல் கேட்டது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

"டீச்சர், அஜித் பேசுறான் டீச்சர்!"

ஒரு நொடி அந்தப் பக்கம் எல்லாம் அடங்கியது. பிறகு அந்தக் கரகரத்த காற்று, தடுப்பைத் தாண்டி எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வந்தது.

"பேசட்டும் தம்பி. வந்திருக்கான்ல."

நான் ஸ்கேலை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். முட்டி வலி வேறு.